ஒகேனக்கல் பரிசல்: முடைவது, காப்பது, சங்கம் வைப்பது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பரிசல் வைத்திருப்பவர்களும், புதிதாக முடைய நினைப்பவர்களும், பழைய முறை அழிந்துவிடாமல் இருக்க ஒரு சங்கம் வைக்கலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அளவுகள் எல்லாம் வாய் அகலம் ஏழரை அடி (சுமார் 2.3 மீட்டர்) உள்ள பரிசலுக்கு. சிறியது, பெரியது என்றால் அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பரிசல் இந்த ஆற்றில் எவ்வளவு காலமாக ஓடுகிறது?

தொடங்கிய ஆண்டு என்று ஒன்றைச் சொல்ல முடியாத அளவுக்குப் பழையது. எழுத்தில் உள்ள சாட்சியங்களில் தெளிவானது 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பாயஸ் எழுதியது. துங்கபத்திரையில் கூடை போல வட்டமான, வெளியே தோல் போர்த்திய படகுகளைப் பார்த்ததாகவும், அவற்றில் 15, 20 பேர் ஏறுவதாகவும், தேவைப்பட்டால் குதிரையும் மாடும்கூடக் கடப்பதாகவும், படகு சுற்றிக்கொண்டே போவதாகவும் குறித்திருக்கிறார். இன்று சின்னாறு துறையில் நின்று பார்ப்பவர் எழுதியது போலவே இருக்கிறது. 1803 மராட்டியப் போரில் ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி தன் படையை ஆறுகளைக் கடக்க வைக்கக் கூடைப் படகுகளைக் கட்டச் சொன்னார். ஈராக்கின் டைக்ரிஸ் நதியிலும் குஃபா என்ற வட்டப் படகு ஓடியது.

அக்கரையில் கன்னடம் பேசுபவர்கள் இதை ஹரிகோல் என்றும் தெப்ப என்றும் சொல்வார்கள். தெலுங்கில் புட்டி. காவிரி, துங்கபத்திரை, கிருஷ்ணா என்று பாறை நிறைந்த, வேகமும் ஆழமும் மாறிக்கொண்டே இருக்கிற ஆறுகளில்தான் இது நிலைத்திருக்கிறது. அடிக்கட்டை உள்ள மரப்படகு பாறையில் தட்டினால் பலகை பிளக்கும். பரிசலின் அடி வளைந்து கொடுத்து நழுவிப் போய்விடும்.

மேட்டூர் அணை வந்தபின் என்ன மாறியது?

அதுவரை பரிசல் முதன்மையாக ஆறு கடக்கும் வண்டி. 1934இல் மேட்டூர் அணை முடிந்து ஸ்டான்லி நீர்த்தேக்கம் நிரம்பியதும், ஆறாக இருந்த இடம் ஏரி ஆனது. பென்னாகரம் வட்டத்து நாகமரைக்கும் எதிரே சேலம் மாவட்டத்துப் பண்ணவாடிக்கும் நடுவே அகன்ற நீர்ப்பரப்பு வந்தது. மூழ்கிய ஊர்களின் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் இன்றும் தலைகாட்டும். ஏரி வந்ததும் பரிசல் மீன்பிடிக்கு மாறியது. வலை விரிக்க, இழுக்க, ஒரே ஆள் ஓட்ட, கரையில் தூக்கிக் கவிழ்க்க இதைவிட வசதியான படகு இல்லை.

ஒகேனக்கல்லில் சுற்றுலாப் பரிசல் என்பது அதற்குப் பின் வளர்ந்தது. சுற்றுலாப் பரிசலும் மீன்பிடிப் பரிசலும் ஒன்றல்ல. மீன்பிடிப் பரிசல் சிறியது, லேசானது. சுற்றுலாப் பரிசலுக்கு அடிப்பின்னல் நெருக்கமாகவும் விளிம்பு தடிமனாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் தெரியாதவர்கள் விளிம்பின் மேலேயே உட்காருவார்கள்.

எத்தனை பேர் ஏறலாம்? எவ்வளவு ஆழம் அமிழும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். அடி அகலம் 1.8 மீட்டர் என்றால் அடிப் பரப்பு ஏறக்குறைய 2.5 சதுர மீட்டர். அப்படியானால் ஒவ்வொரு சென்டிமீட்டர் அமிழ்வுக்கும் சுமார் 25 கிலோ தாங்கும். மேலே போகப் போக வாய் விரிவதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். பரிசல், துடுப்பு, ஓட்டி எல்லாம் 120 கிலோ, பயணிகள் நான்கு பேர் 240 கிலோ, ஆக 360 கிலோ. அமிழ்வு 13, 14 சென்டிமீட்டர். முக்கால் சாண் கூட இல்லை. பாறைக்கு மேல் ஓரடித் தண்ணீர் போனாலும் பரிசல் தாண்டிவிடுவது இதனால்தான்.

எட்டுப் பேர் ஏறினாலும் அமிழ்வு 22 சென்டிமீட்டரைத் தாண்டாது. இரண்டடி ஆழப் பரிசலில் இன்னும் ஓரடிக்கு மேல் வெளியே நிற்கும். அப்புறம் ஏன் ஆள் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு என்று கேட்கிறார்கள். மூழ்குவது பாரத்தால் அல்ல, சாய்வால். மூன்று பேர் ஒரே பக்கம் எழுந்து படம் எடுக்கச் சாய்ந்தால் அந்தப் பக்க விளிம்பு நீருக்கு இறங்கும். விளிம்பு ஒருமுறை நீருக்குள் போய்விட்டால் ஆறு உள்ளே வரும், அதை நிறுத்த எதுவும் இல்லை. பரிசல் துறையில் எழுதிப் போட்டிருக்கும் எண்ணிக்கைதான் எண்ணிக்கை.

எந்த மூங்கில் நல்லது?

இந்தப் பக்கத்தில் கிடைப்பவை இரண்டு. உள்ளே பொந்து உள்ள முள் மூங்கில், உள்ளே ஏறக்குறைய கெட்டியாக இருக்கும் கல் மூங்கில். பிளாச்சுக்கு (பின்னலுக்குப் பிளந்த மூங்கில் பட்டைக்கு) முள் மூங்கில், விளிம்புக்குக் கல் மூங்கில் என்று பிரித்துக்கொள்வது நல்லது. கல் மூங்கிலை அகலமான, சீரான பிளாச்சாகப் பிளப்பது கடினம். ஆனால் விளிம்பில் வரும் அடியையும் தேய்மானத்தையும் அது தாங்குவது போல முள் மூங்கில் தாங்காது.

வயது 3 முதல் 4 ஆண்டு. ஒரு வயது மூங்கில் பார்க்கப் பச்சையாக, மினுமினுப்பாக, வளைக்கச் சுகமாக இருக்கும். காய்ந்ததும் சுருங்கிப் பின்னல் தொளதொளத்துவிடும். முற்றியது என்பதற்கு அடையாளம் கணுவில் உள்ள பாளை முழுக்க உதிர்ந்திருப்பது, தண்டில் வெள்ளைப் பூச்சு போய்ச் சாம்பல் திட்டுகள் வந்திருப்பது, தட்டினால் மந்தமாக இல்லாமல் கணீரென்று கேட்பது.

வெட்டும் காலம் மழை ஓய்ந்த பின், மார்கழி, தை. மழைக்காலத்தில் குருத்து விடும்போது தண்டில் மாவும் சர்க்கரையும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மாவுக்குத்தான் பொடி வண்டு வரும். பிளாச்சின் மேல் குண்டூசித் துளையும் கீழே மாவு போன்ற தூளும் கண்டால் அந்தக் கூடை போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய மூங்கிலை ஓடும் நீரில் 3 அல்லது 4 வாரம் கல்லேற்றி அமிழ்த்தி வைத்தால் மாவு கரைந்து போகும், வண்டும் பெருமளவு குறையும். தேங்கிய குட்டை வேண்டாம், நாற்றமும் கறுப்பும் ஏறும்.

காட்டில் வெட்டிக்கொள்ளலாமா?

கூடாது. ஒகேனக்கல்லைச் சுற்றிய காடு காப்புக்காடு. அதன் பெரும்பகுதி 2014இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்திலும் 2022இல் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்குச் சரணாலயத்திலும் வருகிறது. பட்டா நிலத்தில் வளர்த்த மூங்கிலை வாங்குங்கள். அதை ஏற்றிக்கொண்டு போகும்போதும் வாங்கிய ரசீதும் நில உரிமையாளரின் கடிதமும் கையில் இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

முடைவது எப்படி? முதல் பிளாச்சிலிருந்து சொல்லுங்கள்.

நீளத்தை முதலில் தீர்மானியுங்கள். அடி 1.8 மீட்டர், இரண்டு பக்கச் சுவரும் 70 சென்டிமீட்டர் வீதம், விளிம்பில் மடக்கிச் செருக இரு முனையிலும் 30 சென்டிமீட்டர். ஆக நடுவில் போகும் பிளாச்சுக்கு 3.8 மீட்டர், அதாவது பன்னிரண்டரை அடி. ஓரத்தில் போகும் பிளாச்சுகளுக்கு நீளம் குறையும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் பிளந்து பிறகு வெட்டிக்கொள்வதுதான் பாதுகாப்பு. அகலம் இரண்டரை சென்டிமீட்டர், தடிமன் 5 மில்லிமீட்டர். பிளாச்சுகளுக்கு இடையே 12 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் ஒரு திசைக்கு 15, மூன்று திசைக்கும் 45. உடைவதற்காக ஒரு பத்து சேர்த்துப் பிளந்து வையுங்கள்.

மூங்கிலின் தோல் பக்கம் எப்போதும் வெளியே, அதாவது தண்ணீர்ப் பக்கம். இதில் சமரசம் வேண்டாம். வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். இழுவையைத் தாங்கும் நார் தோலை ஒட்டித்தான் அடர்த்தியாக இருக்கிறது. மாற்றிப் போட்டால் வளைவில் வெள்ளையாகச் சிலும்பு எழும், இரண்டு மாதத்தில் அங்கேயே ஒடியும்.

சமதரையில் ஒரு முளை அடித்து 90 சென்டிமீட்டர் கயிறு கட்டி வட்டம் போடுங்கள். முதல் திசைப் பிளாச்சுகளைப் பரப்பி, இரண்டாம் திசையை அதற்கு 60 பாகைச் சாய்வாக வைத்து, மூன்றாவதை மேலும் 60 பாகை திருப்பி, ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாகக் கோத்து வாருங்கள். நடுவில் அறுகோணக் கண்கள் வரும். சாதாரணக் கூடை போல இரண்டு திசையில் மட்டும் முடைந்தால் வேலை பாதிதான், ஆனால் சதுரக் கண் பாரம் ஏறும்போது சாய்சதுரமாக இழுபட்டு, அடி ஒரு பக்கமாகக் கோணும். மூன்றாம் திசை அந்த இழுவையைப் பூட்டிவிடுகிறது.

அடிப்பின்னல் முடிந்ததும் நடுவில் தட்டையான கற்களை வையுங்கள், மொத்தம் இரண்டு ஆள் எடை. வளைவுக் கோட்டில் (அடி சுவராகத் திரும்பும் வட்டத்தில்) கந்தைத் துணி போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே முனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். அவசரப்படுபவர்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான். ஒரே இழுப்பில் நிமிர்த்தினால் பிளாச்சு கணுவில் ஒடியும். அதனால் பிளக்கும்போதே கணு வளைவுக் கோட்டில் விழாதபடி பார்த்து வெட்ட வேண்டும். விழுந்தே தீரும் என்றால் கணுவின் உள்முண்டை மட்டும் சீவுங்கள், வெளித்தோலில் கத்தி படவே கூடாது. முதல் தூக்கு ஒரு சாண் உயரம், வெளியே கயிறு சுற்றிக் கட்டு, ஒரு மணி நேரம் ஈரத்தோடு விடு. பிறகு அடுத்த தூக்கு. மூன்று தூக்கில் நிமிர்ந்துவிடும்.

சுவரில் கிடைமட்டமாகச் சுற்றுப் பிளாச்சு போடுங்கள். வளைவுக்கு உடனே மேலே மூன்று வரிசை நெருக்கமாக, அதற்கு மேல் நான்கு விரல் இடைவெளியில். விளிம்புக்கு மெல்லிய கல்மூங்கில் சிம்புகள் உள்ளே எட்டு, வெளியே எட்டு என்று வைத்து, நிமிர்ந்த முனைகளை நடுவில் பிடித்து, மடக்கிக் கீழே செருகி, ஒரு சாணுக்கு இரண்டு கட்டு வீதம் இறுக்குங்கள். கட்டுவதற்கு முன் நான்கு திசையிலும் வாய் அகலத்தை அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தட்டிச் சரி செய்யுங்கள். முட்டை வடிவாகப் போன பரிசல் எப்போதும் நீள்வாக்கில்தான் போகப் பார்க்கும், ஓட்டியின் தோள் வலிக்கும்.

முடைந்த கூடையை உடனே போர்த்தாதீர்கள். நிழலில் நான்கு நாள் காயட்டும். காயும்போது பிளாச்சு சுருங்கி விளிம்புக் கட்டு தளரும். அதை மறுபடி இறுக்கிய பிறகுதான் உறை. இந்த நான்கு நாளை விட்டவர்கள், உள்ளே ஈரம் அடைபட்டுப் பூசணம் பிடித்த கூடையை அடுத்த ஆண்டே பிரிக்க வேண்டியிருக்கும்.

உறைக்குத் தோல், சாக்கு, தார்ப்பாய் இவற்றில் எது?

மேலே சொன்ன அளவுக்கு அடியும் சுவரும் சேர்த்து 7 சதுர மீட்டர் பரப்பு. மடிப்பு, ஒட்டுத் தையல் சேர்த்தால் எட்டரை, ஒன்பது.

பழைய முறை மாட்டுத் தோல். பெரிய தோலாக மூன்று வேண்டும். ஊறவைத்து, ஈரமாகவே தைத்து, கூடையில் இழுத்துக் கட்டினால் காயும்போது தானாக இறுகி மத்தளம் போல நிற்கும். பாறையில் உரசினால் கிழியாமல் வழுக்கும். ஆனால் நாள் முழுதும் நீரில் கிடந்தால் ஊறித் தொய்யும், அதனால் அவ்வப்போது கரையேற்றிக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். எண்ணெய் காட்டாமல் வெயிலில் விட்டால் வெடிக்கும். எலியும் நாயும் கடிக்கும். இன்று பழைய முறையைச் செய்து காட்டுவதற்கு மட்டும்தான் தோல் பொருந்தும்.

நடைமுறையில் உள்ளது பிளாஸ்டிக் உறையும் தாரும். நாங்கள் சொல்வது மூன்றடுக்கு. கூடையை ஒட்டிப் பழைய கோணி அல்லது பருத்தித் துணி, பிளாச்சின் ஓரம் அடுத்த அடுக்கை அறுக்காமல் இருக்க. அதன் மேல் பிரித்துத் தைத்த யூரியா சாக்கு இரண்டு அடுக்கு. ஒரு சாக்கைப் பிரித்தால் சுமார் ஒரு சதுர மீட்டர் கிடைக்கும், ஆக 18 சாக்கு எடுத்துவையுங்கள். உரம் ஒட்டியிருந்தால் நன்றாகக் கழுவிக் காயவையுங்கள், உரத் தூளின் மேல் தார் பிடிக்காது. கடைசியாக வெளியே பருத்தித் துணி ஒரு சுற்று, தாரைக் குடித்துப் பிடித்துக்கொள்ள. தையல் கோணி ஊசியில் நைலான் நூல், ஒன்றன்மேல் ஒன்று எட்டு சென்டிமீட்டர் ஏறவேண்டும், இரட்டை வரி.

தட்டையான துணியை வட்டக் கூடையில் இழுக்கும்போது சுவரில் மடிப்பு விழுந்தே தீரும். ஒரே இடத்தில் பெரிய மடிப்பாக விடாமல் சுற்றிலும் 16, 20 சிறு மடிப்பாகப் பங்கிட்டு, எல்லாவற்றையும் ஒரே திசையில் படியவையுங்கள். பெரிய மடிப்பின் உள்ளே தார் போகாது, நீர் போகும்.

தார் பூசுவதில் என்னென்ன தவறு வருகிறது?

பரிசல் வேலையில் ஆபத்தும் இதில்தான், அலட்சியமும் இதில்தான்.

முதலில் எந்தத் தார். சாலைக்குப் போடும் தாரில் தரம் உண்டு. விஜி 10 என்பது 40 பாகை செல்சியஸுக்கு மேல் இளகலாம், விஜி 30 குறைந்தது 47 பாகை வரை தாங்கும். சித்திரை வெயிலில் கறுப்புப் பாறையில் கால் வைக்க முடியாது, அங்கே கவிழ்த்த விஜி 10 பரிசல் பாறையோடு ஒட்டிக்கொள்ளும், தூக்கினால் உறை பெயர்ந்து வரும். விஜி 30 கேட்டு வாங்குங்கள். அதைவிடக் கடினமானது வேண்டாம். கூடை நெளியும் ஒவ்வொரு தடவையும் மயிரிழை வெடிப்பு விழும்.

அடுத்தது சூடு. தாரை முழுதாக இளக்க 150 பாகை வரை போக வேண்டியிருக்கும். ஆனால் யூரியா சாக்கு (பாலிபுரோப்பிலீன் நெசவானால்) 160 பாகை அருகில் உருகிவிடும், அதற்கு முன்பே சுருங்கும். பாலித்தீன் தாளானால் 110இலேயே போய்விடும். அடுப்பிலிருந்து இறக்கி, புகை அடங்கி, குச்சியில் எடுத்தால் தேன் போலக் கெட்டியாக வடியும் வரை பொறுங்கள். பிறகு வெளித் துணியின் மேல் தென்னை மட்டைத் தூரிகையால் தேயுங்கள். ஒரு முழம் அகலத்துக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டாம். முதல் பூச்சுக்கு 7 கிலோ, அது ஆறியபின் இரண்டாவது பூச்சுக்கு 5 கிலோ. அதற்கு மேல் பூசினால் எடைதான் கூடும், காப்பு கூடாது. மேலே சலித்த சாம்பல் அல்லது நைஸான கல்பொடி தூவினால் ஒட்டாது.

தார் இளகவில்லை என்று மண்ணெண்ணெய் ஊற்றுபவர்கள் உண்டு. செய்யாதீர்கள். தீப்பிடிக்கும், பிடிக்காவிட்டாலும் பூச்சு பல நாள் காயாமல் பிசுபிசுக்கும், அடியில் உள்ள சாக்கும் ஊறிப் பலம் இழக்கும்.

சூடான தாரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் பொங்கி வழியும். ஈரத் தாரை, ஈரச் சட்டியை ஏற்றாதீர்கள். பக்கத்தில் மணல் வாளி வையுங்கள், தீ பிடித்தால் மணலும் மூடியும்தான், தண்ணீர் அல்ல. கையில் தார் பட்டால் உடனே குளிர்ந்த நீரில் நிறைய நேரம் வைத்திருங்கள். ஒட்டியதைப் பிய்க்கக் கூடாது, தோலோடு வரும். அப்படியே மருத்துவமனைக்குப் போங்கள்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஆற்றில் விட்டுத் தேட வேண்டாம். பரிசலை இரண்டு மூங்கில் மேல் நிமிர்த்தி வைத்து, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து உருட்டுங்கள். தண்ணீர் வளைவுக் கோடு முழுக்கச் சுற்றி வரட்டும். இன்னொருவர் வெளியே குனிந்து, ஈரம் பூக்கும் இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போடட்டும். பத்தில் எட்டு கசிவு அடி நடுவில் இருக்காது, வளைவுக் கோட்டில் இருக்கும். கரையேற்றும்போது தூக்காமல் இழுத்தால் தேய்வது அந்தக் கோடுதான்.

ஒட்டுப் போட, துளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாகப் பழைய வேட்டித் துணி, மூலை வட்டமாக வெட்டியது. கூர்மூலை விட்டால் அங்கிருந்துதான் பெயரும். இடம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தின் மேல் போட்ட தார் ஒட்டியது போலத் தெரியும், மறுநாள் கொப்புளம் போல எழும்பும்.

உள்ளிருந்து வரும் தேய்மானத்தை யாரும் கவனிப்பதில்லை. பயணிகளின் செருப்போடு வரும் மணல் பின்னலின் கண் வழியாக உறைக்கும் பிளாச்சுக்கும் நடுவே இறங்கி, அரம் போல வேலை செய்யும். மாலையில் கரையேற்றியதும் உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவி, காற்றுப் போகும்படி இரண்டு கழியின் மேல் கவிழ்த்து வையுங்கள்.

சுற்றாமல் ஓட்டுவது எப்படி?

பரிசலுக்கு முன், பின் கிடையாது. ஓட்டி எந்த விளிம்பில் உட்காருகிறாரோ அதுதான் முன். துடுப்பை முன்னால் நீட்டிப் போட்டு, தன்னை நோக்கி இழுப்பதுதான் அடிப்படை. பின்னால் தள்ளினால் சுற்றத் தொடங்கும். ஓர் இழுப்பு இடப்பக்கம், ஓர் இழுப்பு வலப்பக்கம். சுற்று எடுத்துவிட்டால் துடுப்பை அசைக்காமல் நீரில் ஆழ நிறுத்துங்கள், அது வால் போல வேலை செய்து சுற்றை அடக்கும். பாரமான ஆளை ஓட்டிக்கு எதிர்ப்பக்கம் உட்காரவைத்தால் முன்விளிம்பு லேசாக எழும்பி நீரை ஏறி வரும்.

பயணிகளிடம் முதலில் சொல்ல வேண்டியது, விரல்களை விளிம்புக்கு வெளியே போடக் கூடாது. பாறைச் சந்தில் பரிசல் உரசும்போது நசுங்குவது விரல்தான். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டாமல் தோளில் போட்டிருப்பதும் போடாததும் ஒன்றுதான்.

எவ்வளவு தண்ணீர் வந்தால் இறக்கக் கூடாது?

நீர்வரத்தைப் பார்த்து மாவட்ட நிர்வாகம் தடை போடும், நீக்கும். தடை என்றால் தடை. மாநில எல்லையான பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் அளவைத் தினமும் பாருங்கள். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர், ஆக விநாடிக்கு 10,000 கன அடி என்றால் ஒவ்வொரு விநாடியும் 2,83,000 லிட்டர். 2018 ஆகஸ்டில் இங்கே 2 லட்சம் கன அடிக்கும் மேல் வந்தது. வெள்ளம் வடிந்தபின்னும் உடனே இறக்காதீர்கள். மணல் திட்டும் பாறை இடுக்கில் சிக்கிய மரமும் இடம் மாறியிருக்கும். ஆள் ஏற்றாமல் ஓட்டி மட்டும் ஒருமுறை போய் வந்த பிறகே பயணிகள்.

ஃபைபர் பரிசல் வாங்கிவிடலாமே?

தார் வேலை இல்லை, வண்டு இல்லை, கசிவும் குறைவு. ஏரியில் மீன் பிடிப்பவருக்கு, கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணை போன்ற நிலைநீரில் ஓட்டுபவருக்கு அது நல்ல தேர்வுதான். பாறை நிறைந்த ஓடுநீரில் எங்கள் வாக்கு மூங்கிலுக்கே. மூங்கில் அடி வாங்கினால் நெளியும், ஒரு பிளாச்சு ஒடிந்தால் பக்கத்தில் இன்னொன்றைச் செருகிவிடலாம். ஃபைபர் நெளியாது, விரிசல் விடும். அதை ஒட்டப் பிசினும் நார்ப்பாயும் வேண்டும், ஆற்றோரத்தில் அது கிடைக்காது.

மற்ற நாடுகளில் பழைய படகுச் சங்கங்கள் எப்படி நடக்கின்றன?

அமெரிக்காவில் 1975இல் நியூயார்க் மாநிலத்து லேக் ஜார்ஜில் தொடங்கிய பழம்படகுச் சங்கம் பெரிய முன்மாதிரி. வட்டாரக் கிளைகள் தனித்தனியாகக் கூடி, ஆண்டுக்கொரு முறை படகுகளைக் காட்சிக்கு வைக்கும். 1918 வரை கட்டியது ஒரு வகை, 1919 முதல் 1942 வரை ஒரு வகை, 1943 முதல் 1975 வரை ஒரு வகை என்று பிரித்திருக்கிறார்கள். மேல்தளத்திலும் பக்கப் பலகையிலும் 60 சதவீதத்துக்குக் குறையாமல் பழைய மரமே இருந்தால்தான் அது ‘காக்கப்பட்ட படகு’, குறைந்தால் ‘புதுப்பிக்கப்பட்ட படகு’.

இந்த விதியைப் பரிசலுக்கு அப்படியே எடுத்துவர முடியாது. மகோகனிப் பலகைப் படகு நூறாண்டு நிற்கும். மூங்கில் கூடை சில பருவங்களில் மண்ணாகிவிடும். ஐம்பது ஆண்டுப் பரிசல் என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. ஆனால் ஐம்பது ஆண்டு முடைந்த கை கிடைக்கும். பிரிட்டனின் வேல்ஸில் பரிசலை ஒத்த, ஒரு காலத்தில் தோல் போர்த்திய சிறு படகு உண்டு. டைவி ஆற்றில் உரிமம் பெற்றவர்கள் அதில் மீன் பிடிக்கிறார்கள், கெனார்த் என்ற ஊரில் அதற்கென ஒரு காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒவ்வோர் ஆற்றுக்கும் படகு வடிவம் வேறு, அந்த வித்தியாசங்களைத்தான் பதிவு செய்து காக்கிறார்கள். நமக்குப் பொருந்துவது அந்த வழி. பொருளை அல்ல, முறையைக் காக்க வேண்டும். ஆண்டுக்கு ஒன்றாவது பழைய முறையில் புதிதாக முடைய வேண்டும், பக்கத்தில் ஓர் இளையவர் உட்கார்ந்து பிளாச்சு பிளக்க வேண்டும்.

இங்கே சங்கம் பதிவு செய்ய என்ன வேண்டும்?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமும் 1975ஆம் ஆண்டினதே. குறைந்தது 7 உறுப்பினர்கள், சங்க அமைப்புக் குறிப்பு, துணை விதிகள், நிர்வாகக் குழு (குறைந்தது மூவர், பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மிகாமல்) இவற்றோடு மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுப் பொதுக்குழுவும் கணக்குத் தாக்கலும் தவறக் கூடாது. நோக்கங்களை எழுதும்போது ‘பரிசல் வளர்ச்சி’ என்று பொதுவாக எழுதாமல், முடையும் பயிற்சி, அளவுப் பதிவு, ஓட்டிகளின் பாதுகாப்பு என்று தனித்தனியாக எழுதுங்கள். முடைபவர், ஓட்டுபவர், மீன் பிடிப்பவர் மூன்று தரப்பும் நிர்வாகக் குழுவில் இருக்க வேண்டும். ஓட்டுபவர் மட்டும் இருந்தால் கூட்டம் முழுக்கக் கட்டணப் பேச்சில் போய்விடும். பயணிகளை ஏற்றும் அனுமதி வேறு விஷயம், சங்கப் பதிவு அதைத் தராது.

பரிசலைப் பதிவு செய்வது என்றால் எதை எழுத வேண்டும்?

ஒரு பரிசலுக்கு ஒரு தாள். வாய் அகலம் நான்கு திசையில், அடி அகலம், உள் ஆழம், உறையோடும் உறை இல்லாமலும் எடை. பிளாச்சின் எண்ணிக்கை திசைவாரியாக, அகலம், தடிமன், இடைவெளி. சுற்றுப் பிளாச்சு எத்தனை வரிசை, விளிம்பில் எத்தனை சிம்பு, கட்டு எந்த முடிச்சு. மூங்கில் எந்த வகை, எந்த மாதம் வெட்டியது, எத்தனை நாள் ஊறியது. எந்தத் துறையில் ஓடுகிறது. முடைந்தவர் பெயரை அவர் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள், ஒவ்வொரு உறுப்புக்கும் அவர் வாயில் வரும் சொல்லையே எழுதுங்கள், புத்தகச் சொல்லைத் திணிக்க வேண்டாம்.

படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு மீட்டர் கோலைக் கிடத்துங்கள். உறை போட்டபின் பின்னல் தெரியாது, ஆகவே கூடை காயும் அந்த நான்கு நாளுக்குள் அடி, சுவர், விளிம்பு மூன்றையும் எடுத்துவிடுங்கள். பழையதைப் பிரிக்கும்போது வளைவுக் கோட்டில் ஒடிந்த பிளாச்சு ஒன்றை வெட்டி, தேதி எழுதிய துணியில் சுற்றி வையுங்கள். எந்தக் கணுவில், எந்தப் பக்கம் ஒடிந்தது என்பதை அடுத்த பரிசலுக்கு மூங்கில் பிளப்பவர் கையில் எடுத்துப் பார்க்க முடியும்.